எண்ணிட்ட பத்திகள்: எண் ஆவணத்துடையதா, பிரவுசருடையதா?

தீர்ப்பு, அரசாணை, கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதி, வாடகை ஒப்பந்தம். இப்படி ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்ட ஆவணம் ஒன்றை வலைப்பக்கமாக்கும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடிட்டரில் எண் பட்டியல் பொத்தானை அழுத்தினால் 1, 2, 3 என்று எண்கள் வந்து நிற்கும். பார்வைக்கு வேலை முடிந்தது போலவே இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வழக்கறிஞர் ஒருவர் தன் வாதத்தில் ‘தீர்ப்பின் 17-ஆவது பத்தி’ என்று எழுதினால், அது எந்தக் கணினியில் திறந்தாலும், எந்தத் தாளில் அச்சிட்டாலும் அதே பத்தியாக இருக்க வேண்டும். வலைப்பக்கத்தில் பக்க எண் என்ற ஒன்றே கிடையாது. கைபேசியில் நாற்பது திரை ஓடும் ஆவணத்தில் ஓர் இடத்தைச் சுட்ட நம்பகமான வழி பத்தி எண் ஒன்றுதான். இங்கிலாந்து நீதிமன்றங்கள் 2001-இல் பதிப்பகம் சாராத மேற்கோள் முறையைக் கொண்டுவந்தபோது, தீர்ப்புகளுக்குப் பத்தி எண்ணும் சேர்ந்தே வந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில், பாரத ஸ்டேட் வங்கி தொடர்ந்த வழக்கொன்றில், தீர்ப்புகளைப் பத்தி எண்ணோடு எழுத வேண்டும் என்று சொன்னது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்கும்படி தீர்ப்புகள் வெளியாக வேண்டும், அச்சிட்டு ஸ்கேன் செய்த படங்களாக இருக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. நீங்கள் செய்யப்போகும் வேலையின் கனம் இவ்வளவு.

இந்த அத்தியாயத்தில் டேக், பண்பு, ஐடி பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளையே தட்டுங்கள்.

## முதலில் ஒரே ஒரு கேள்வி

எந்த டேக் என்று யோசிக்கும் முன் இதைக் கேளுங்கள்: நாளை யாராவது நடுவில் ஒரு பத்தியைச் சேர்த்தால், அதற்குக் கீழே உள்ள எண்கள் மாற வேண்டுமா, மாறக் கூடாதா?

மாற வேண்டும் என்றால் அது வரைவு. எண்ணும் வேலையைப் பிரவுசரிடம் விடலாம்.

மாறக் கூடாது என்றால் அது வெளியான ஆவணம். அதில் எண்ணும் வாசகத்தின் ஒரு பகுதி. அதை நீங்களே எழுத்தாக எழுத வேண்டும்.

வெளியான ஆவணத்தின் எண்ணைப் பிரவுசரின் கணக்கில் விடக் கூடாது என்பதற்கு நம் அரசமைப்புச் சட்டமே நல்ல சான்று. 2002-இல் 86-ஆவது திருத்தம் கல்வி உரிமைக்காக 21ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 22 என்ற எண் தன் இடத்திலேயே இருந்தது. 1978-இன் 44-ஆவது திருத்தம் சொத்துரிமை பற்றிய 31-ஆவது பிரிவை நீக்கியது. ஆனால் 31ஏ, 31பி, 31சி இன்றும் இருக்கின்றன, 32-உம் 32-ஆகவே இருக்கிறது. வரிசையாக எண்ணிக்கொண்டே போகும் எந்தக் கருவியாலும் இந்த வரிசையைத் தர முடியாது. எண் பட்டியலின் உருப்படிக்கு நாம் தரக்கூடிய ‘வேல்யூ’ பண்பு முழு எண்ணை மட்டுமே ஏற்கும். அதில் 21ஏ என்று எழுதினால் செல்லாது.

அகோமா ந்தோசோ என்ற எக்ஸ்எம்எல் வடிவம் நாடாளுமன்ற, நீதிமன்ற ஆவணங்களுக்கென்றே உருவானது. 2018-இல் ஓயாசிஸ் அமைப்பு அதைத் தரநிலையாக ஏற்றது. அதிலும் எண்ணுக்குத் தனி டேக் உண்டு, அதற்குள் எண்ணை எழுத்தாகவே எழுதுகிறார்கள்.

## கையில் உள்ள வழிகள்

எண் பட்டியல் (ஓஎல், அதற்குள் எல்ஐ). வரிசை மாறினால் பொருள் மாறும் பட்டியலுக்கான டேக் இது. தலைப்பு எதுவும் குறுக்கிடாத சிறிய ஆவணத்துக்குப் பொருந்தும். 1999-இன் எச்டிஎம்எல் 4.01 இதன் ‘ஸ்டார்ட்’, ‘டைப்’, ‘வேல்யூ’ பண்புகளை வெறும் தோற்றம் என்று ஒதுக்கி வைத்தது. எண்ணைச் சொல்லிச் சுட்டும் ஆவணங்களில் எண்ணுக்கும் பொருள் உண்டு என்பதால் எச்டிஎம்எல்5 அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. பழைய கையேட்டில் ‘பயன்படுத்தாதே’ என்று பார்த்திருந்தால் கவலை வேண்டாம், இன்று தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இதன் குறை தலைப்புகளில் தெரியும். ஓஎல்-இன் நேரடிப் பிள்ளையாக எல்ஐ மட்டுமே வரலாம். ‘வழக்கின் பின்னணி’, ‘எதிர்வாதம்’ போன்ற தலைப்புகளுக்கு அங்கே இடமில்லை. தீர்ப்பிலோ, தலைப்பு மாறினாலும் பத்தி எண் தொடர்ந்து ஓடும். ஆகவே ஒவ்வொரு தலைப்புக்கும் பட்டியலை மூடி, அடுத்த பட்டியலை ‘ஸ்டார்ட்’ 18 என்று தொடங்க வேண்டும். மேலே ஒரு பத்தி கூடினால் கீழே எல்லா ‘ஸ்டார்ட்’ எண்ணும் தப்பாகிவிடும்.

சாதாரணப் பத்தி, எண் எழுத்தாக (பி அல்லது டிவ்). வெளியான ஆவணங்களுக்கு என் பரிந்துரை இதுவே. தலைப்பு, மேற்கோள், அட்டவணை எது நடுவே வந்தாலும் எண் அசையாது.

சிஎஸ்எஸ் கவுன்ட்டர். தோற்றத்துக்கான நடைத்தாளே எண்ணைப் போடும். வரைவுக்கு வசதி. வெளியீட்டுக்கு வேண்டாம், ஏனெனில் அந்த எண் ஆவணத்திலேயே இருக்காது. பக்கத்தில் தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் கூடவே வரும் என்ற உறுதியும் இல்லை.

அட்டவணை, விளக்கப் பட்டியல், ஒவ்வொரு பத்தி எண்ணுக்கும் ஒரு தலைப்பு டேக். மூன்றையும் விட்டுவிடுங்கள். குறிப்பாக மூன்றாவது. ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோர் தலைப்பு விட்டுத் தலைப்பு தாவித்தான் நீண்ட ஆவணத்துக்குள் நடமாடுகிறார்கள். 140 பத்திக்கு 140 தலைப்பு இருந்தால் அந்த வசதி பாழாகும்.

## செய்முறை: ஒரு தீர்ப்பைப் பக்கமாக்குதல்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வெளியாகின்றன. அப்படி ஒன்றின் தமிழ் வடிவம் வேர்டு கோப்பாக உங்களிடம் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். இங்கே எண்ணின் கட்டுப்பாடு இரட்டிப்பு. ஒரு நீண்ட பத்தியை மொழிபெயர்ப்பாளர் படிக்க எளிதாக இரண்டாகப் பிரித்திருக்கலாம். தானியங்கி எண் போட்டால், அந்த இடத்திலிருந்து தமிழ்ப் பத்தி எண் ஒவ்வொன்றும் ஆங்கில மூலத்தோடு ஒன்று தள்ளிப்போகும்.

1. மூலக் கோப்பை நகலெடுத்துத் தனியே வையுங்கள். வேலை நகலில் மட்டும்.

2. மூலத்தைப் பார்த்து எண் பட்டியல் ஒன்றைத் தாளில் எழுதுங்கள்: முதல் எண், கடைசி எண், விடுபட்ட எண், இருமுறை வந்த எண், எழுத்து ஒட்டிய எண். மூலத்திலேயே 43 இருமுறை வந்திருந்தால் அதைத் திருத்த உங்களுக்கு உரிமையில்லை. அப்படியே விட்டு, வெளியிடும் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

3. வேர்டிலிருந்து நேராக ஒட்டாதீர்கள். ஒட்டினால் மைக்ரோசாஃப்ட்டுக்கே உரிய குறிகளும் வெற்றிடங்களும் ஒவ்வொரு எண்ணோடும் வந்து ஒட்டிக்கொள்ளும். வேர்டின் தானியங்கி எண்களை முதலில் எழுத்தாக மாற்றுங்கள், பிறகு வெறும் உரையாகச் சேமித்து எடுங்கள். எழுத்தாக மாற்றாமல் எடுத்தால் எண்கள் மாறிப்போகலாம் அல்லது காணாமல் போகலாம்.

4. பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று ‘லாங்’ பண்பில் குறியுங்கள். இது இல்லாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் 17-ஐ எந்த மொழியில் படிப்பது என்று தெரியாமல் தன் இயல்பு மொழியில் படிக்கும். நடுவே ஆங்கில மேற்கோள் வந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் ஆங்கிலம் என்று குறியுங்கள்.

5. பெரும் பிரிவுகளைச் ‘செக்‌ஷன்’ டேக்கில் அடக்கி, ஒவ்வொன்றுக்கும் எச்2 தலைப்பு கொடுங்கள். மூலத்தில் இல்லாத தலைப்பை நீங்களாக உண்டாக்காதீர்கள்.

6. ஒவ்வொரு எண்ணிட்ட பத்திக்கும் ஒரு ஐடி கொடுங்கள். அந்த ஐடி பத்தியின் எண்ணிலிருந்தே பிறக்கட்டும். வடிவம் இப்படி:

<பி ஐடி="பாரா-17"><ஏ எச்ரெஃப்="#பாரா-17">17.</ஏ> மனுதாரரின் வாதம்…</பி>

7. எண்ணுக்கும் முதல் சொல்லுக்கும் இடையே உண்மையான ஓர் இடைவெளி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நடைத்தாளில் மட்டும் இடைவெளி விட்டால், திரையில் சரியாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டும்போது ‘17.மனுதாரரின்’ என்று ஒட்டிக்கொள்ளும்.

8. தோற்றத்தைக் கடைசியாகத் தொடுங்கள். எண்ணை இடப்பக்க ஓரத்தில் நிறுத்துவது அழகு, ஆனால் கைபேசியின் குறுகிய திரையில் எண் வெளியே போய் மறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

### ஐடி பற்றி இரண்டு சொல்

வெறும் 17 என்று ஐடி வைப்பது எச்டிஎம்எல்5-இல் செல்லும். ஆனால் இலக்கத்தில் தொடங்கும் ஐடியை சிஎஸ்எஸ்-இல் குறிக்க ஒரு சுற்றுவழி தேவை. முன்னால் ஒரு சொல் சேர்த்துவிட்டால் தொல்லை இல்லை. அந்தச் சொல் தமிழாகவே இருக்கலாம், அதுவும் செல்லும். நானும் தமிழில் வைக்கவே விரும்புவேன். ஆனால் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் சதவீதக் குறிகளோடு நீண்ட சரமாக மாறிவிடும், சில செயலிகள் அதை நடுவில் வெட்டியும் விடும். சுட்டுவதற்கென்றே உள்ள முகவரி உடையக் கூடாது. அதனால் ஐடியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

எண்ணையே லிங்க் ஆக்குவதால், படிப்பவர் அதைத் தட்டினால் அந்தப் பத்தியின் முகவரி கிடைக்கும். பிறர் மேற்கோள் காட்டும் தீர்ப்புக்கு இது பெரும் உதவி. இதற்கு ஒரு விலையும் உண்டு: விசைப்பலகையால் மட்டும் நகர்பவர் ஒவ்வொரு எண்ணிலும் ஒருமுறை நிற்க வேண்டியிருக்கும். அலுவலகத்துக்குள் சுற்றும் சுற்றறிக்கைக்கு லிங்க் தேவையில்லை. ஐடி மட்டும் போதும்.

பக்கத்தின் மேலே அசையாத பட்டை இருந்தால், லிங்க் வழியாக வருபவருக்குப் பத்தியின் முதல் வரி அந்தப் பட்டைக்குள் மறைந்துவிடும். ‘ஸ்க்ரோல் மார்ஜின் டாப்’ என்ற சிஎஸ்எஸ் பண்பில் பட்டையின் உயரத்தைக் கொடுத்தால் சரியாகும்.

## பத்திக்குள் உட்பிரிவு வந்தால்

17-ஆவது பத்தி ஒரு முன்னுரை வாக்கியம், (அ), (ஆ), (இ) என்று மூன்று நிபந்தனைகள், பிறகு ஒரு முடிவு வாக்கியம் என்று இருக்கிறது. மூன்றும் சேர்ந்ததுதான் பத்தி 17. ஆனால் எச்டிஎம்எல்-இன் பி டேக்குக்குள் பட்டியல் வர முடியாது. ஓஎல்-ஐப் பார்த்ததுமே பிரவுசர் பி-யைத் தானாக மூடிவிடும். நீங்கள் எழுதிய மூடும் டேக் அநாதையாக நின்று, ஒரு வெற்றுப் பத்தியை உண்டாக்கும்.

தீர்வு: வெளியே ஒரு டிவ், ஐடி அதற்கு. உள்ளே முன்னுரை ஒரு பி, நிபந்தனைகள் ஓர் ஓஎல், முடிவு வாக்கியம் இன்னொரு பி. டிவ்-க்குப் பொருள் இல்லை என்று சிலர் தயங்குவார்கள். பொருளில்லாத உறை தேவைப்படும் இடம் இது, தயங்க வேண்டாம். எச்டிஎம்எல் தரநிலையே இத்தகைய இடத்துக்கு டிவ்-ஐத்தான் காட்டுகிறது.

உட்பிரிவுகளுக்கு ஓஎல் நல்லது. ‘மூன்று உருப்படிகள்’ என்று ஸ்கிரீன் ரீடர் முன்கூட்டிச் சொல்வது, நிபந்தனை எத்தனை என்று கேட்பவருக்கு உதவும். ஆனால் ‘டைப்’ பண்பு தருவது இலக்கம், ஆங்கில எழுத்து, ரோமன் எண் மட்டுமே. தமிழ் உயிரெழுத்துகள் அதில் இல்லை. அதற்கு இரண்டு வழி.

சிஎஸ்எஸ்-இல் ‘கவுன்ட்டர் ஸ்டைல்’ விதி எழுதி அ முதல் ஔ வரை கொடுத்து, முன்னும் பின்னும் அடைப்புக்குறி சேர்க்கலாம். குரோம் 2021-இலும், சஃபாரி 2023-இலும்தான் இதை ஏற்றன. பழைய கைபேசியில் (ஆ) வர வேண்டிய இடத்தில் 2 வரும். வாசகமோ ‘உட்பிரிவு (ஆ)-வின்படி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். வரைவில் இது பொறுக்கக்கூடியது.

வெளியான ஆவணத்தில் (அ), (ஆ) எழுத்தாகவே இருக்கட்டும். பிரவுசர் போடும் குறியை நடைத்தாளில் அணைத்துவிடுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு: குறியை அணைத்த பட்டியலைச் சஃபாரி, பட்டியல் என்றே அறிவிக்காது. ஓஎல்-இல் ‘ரோல்’ பண்புக்கு ‘லிஸ்ட்’ என்று கொடுத்தால் திரும்ப அறிவிக்கும். சரிபார்க்கும் கருவி ‘இது தேவையற்றது’ என்று எச்சரிக்கும். அந்த ஓர் எச்சரிக்கையை விட்டுவிடலாம்.

சிஎஸ்எஸ்-இல் ‘தமிழ்’ என்றொரு எண் வகையும் உண்டு. அது 17-ஐ ௧௭ என்று காட்டும். மூலத்தில் 17 என்று இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

## மேற்கோளுக்குள் வரும் எண்கள்

மிக அதிகத் தவறு நடக்கும் இடம் இதுவே. தீர்ப்பு முந்தைய தீர்ப்பை எடுத்தாளும். பத்தி 22-க்குள், வேறொரு தீர்ப்பின் 8, 9, 12 ஆகிய பத்திகள் அப்படியே வரும். படிப்பவருக்கு இரண்டு எண் வரிசைகளும் குழம்பாமல் தெரிய வேண்டும், கணினிக்கும் குழம்பக் கூடாது.

- எடுத்தாண்ட பகுதி முழுவதையும் ‘பிளாக்கோட்’ டேக்கில் அடக்குங்கள். அதுவும் பத்தி 22-இன் டிவ்-க்குள்ளேயே இருக்க வேண்டும்.
- உள்ளே உள்ள 8, 9, 12 எழுத்தாகவே வரட்டும். எண் பட்டியலாக்கினால் 8, 9, 10 என்று ஓடி, மேற்கோளே திரிந்துவிடும்.
- அந்த எண்களுக்கு ஐடி கொடுக்காதீர்கள். உங்கள் ஆவணத்திலும் 8-ஆவது பத்தி இருக்கிறது. ஒரே ஐடி இருமுறை வந்தால், லிங்க் முதலில் உள்ளதற்கே போகும்.
- மேற்கோள் முடிந்த பிறகும் பத்தி 22 தொடர்ந்தால், அந்தத் தொடர்ச்சிக்கு எண் இல்லாத பி போதும்.

வரைவில் கவுன்ட்டர் பயன்படுத்துபவர்கள், அது பிளாக்கோட்டுக்குள் உள்ள பத்திகளையும் எண்ணிவிடாமல் விதியை எழுத வேண்டும். இல்லையென்றால் 22-க்கு அடுத்தது 26 என்று வரும்.

## குறுக்குச் சுட்டுகள்

‘மேலே பத்தி 17-இல் கூறியபடி’ என்று வரும் இடங்களை லிங்க் ஆக்குங்கள். தமிழில் எண்ணோடு வேற்றுமை உருபும் ஒட்டும். ‘பத்தி 17’ வரை லிங்க் வைத்து ‘-இல்’ என்பதை வெளியே விட்டால், அடிக்கோடு நடுவில் அறுந்து கண்ணை உறுத்தும். ‘பத்தி 17-இல்’ முழுவதையும் லிங்க்குக்குள் வையுங்கள். ‘பத்தி’க்கும் எண்ணுக்கும் இடையே பிரியாத இடைவெளி போட்டால், எண் மட்டும் அடுத்த வரிக்கு ஓடாது.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

எண் இரண்டாக வருதல். ‘17. 17. மனுதாரரின்…’ எழுத்தாக எண் இருக்கும் உரையை எண் பட்டியலாக்கியதன் விளைவு. இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

மார்க்டவுன் எண்ணை மாற்றுதல். மார்க்டவுன், பட்டியலின் முதல் எண்ணை மட்டும் மதிக்கும். நீங்கள் 1, 2, 4 என்று எழுதினாலும் 1, 2, 3 என்றே வெளிவரும். நீக்கப்பட்ட 3-ஆவது விதி இப்படித்தான் சத்தமில்லாமல் உயிர்பெறும். ‘1947.’ என்று ஆண்டில் தொடங்கும் வரியும் பட்டியலாகிவிடும். எண்ணுக்குப் பின் உள்ள புள்ளியின் முன் ஒரு பின்சாய்கோடு போட்டால் அதை எழுத்தாகவே விட்டுவிடும்.

கண்மூடித்தனமான தேடல்-மாற்றல். ‘17.’ என்பதை எல்லா இடத்திலும் மாற்றினால் 17.08.2022 என்ற தேதியும், 17.5 சதவீதமும் சேர்ந்தே மாறும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

## பாதுகாப்பு: வெளியிட்ட பின் தொடக் கூடாதவை

வெளியான பக்கத்தின் எண்ணையும் ஐடியையும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். யார் யார் எங்கெங்கே சுட்டியிருக்கிறார்கள் என்பதை நீங்கள் அறிய முடியாது. விதி ஒன்று நீக்கப்பட்டால், எண்ணை வைத்துக்கொண்டு ‘(நீக்கப்பட்டது)’ என்று எழுதி, ஐடியையும் அங்கேயே விடுங்கள். புதிய விதி நடுவில் வந்தால், ஆவணத்தை இயற்றியவர்கள் கொடுத்த 14ஏ போன்ற எண்ணை அப்படியே போடுங்கள். அவர்கள் எண் கொடுக்காமல் அனுப்பினால் கேட்டு வாங்குங்கள், நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கையொப்பமிட்ட மூலப் பிரதியின் லிங்க்கைப் பக்கத்தின் மேலேயே வையுங்கள். ஐயம் வந்தால் படிப்பவர் ஒப்பிட்டுக்கொள்ள அது வேண்டும்.

## வெளியிடும் முன் சோதனை

1. ஃபயர்ஃபாக்ஸின் ‘வியூ’ பட்டியலில் பக்க நடையை அணையுங்கள். எல்லா எண்களும் இன்னும் தெரிகின்றனவா? மறைந்தவை நடைத்தாளில் மட்டும் இருந்தவை.
2. பத்தி 12 முதல் 14 வரை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எண்கள் வந்தனவா, இடைவெளியோடு வந்தனவா?
3. பக்கத்துக்குள் ‘17.’ என்று தேடுங்கள். பத்தி எண்ணில் போய் நிற்க வேண்டும்.
4. கடைசிப் பத்தியின் முகவரியைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.
5. டபிள்யூ3சி சரிபார்ப்பியில் பக்கத்தை ஓட்டுங்கள். இருமுறை வந்த ஐடியையும், பி-க்குள் சிக்கிய பட்டியலையும் அது காட்டிக்கொடுக்கும்.
6. இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் ஒரு பிரிவை முழுக்கக் கேளுங்கள். எண் இருமுறை ஒலித்தாலோ, ஒலிக்காமலே போனாலோ அந்தப் பத்தியின் குறியீட்டைத் திறந்து பாருங்கள்.
7. செய்முறையின் இரண்டாவது படியில் தாளில் எழுதிய எண் பட்டியலை எடுத்து, அச்சு முன்தோற்றத்தோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டு டிக் செய்யுங்கள். முடிந்தால் ஒருவர் எண்ணைப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும்.